குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில்பாதை

இடுக்கி மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, மூணாறையும் டாப் ஸ்டேஷனையும் இணைத்த தேயிலைத் தோட்ட ரயில்பாதை (1902–1924).

அமைப்பு: தொடக்கத்தில் இது ஈவிங் முறையிலான ஒற்றைத் தண்டவாளப் பாதை. தண்டவாளத்தில் ஓடிய சிறிய சக்கரங்கள் பாரத்தின் பெரும்பகுதியைத் தாங்கின. பக்கவாட்டில் தரையில் உருண்ட பெரிய சக்கரம் வண்டி சாயாமல் பார்த்துக்கொண்டது. வண்டிகளை மாடுகள் இழுத்தன. 1908-இல் பாதை 2 அடி அகல இருப்புப்பாதையாக மாற்றப்பட்டு, நீராவி எஞ்சின்கள் ஓடின. மாட்டுப்பட்டி, பாலாறு ஆகியவை இடைநிலையங்கள். டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடப் பாதையில் கொட்டக்குடிக்கு இறங்கி, போடிநாயக்கனூர் சென்றன.

அழிவு: 1924 ஜூலைப் பெருவெள்ளம் பாதையைச் சிதைத்தது. பிறகு அது சீரமைக்கப்படவில்லை.

எச்சங்கள்: மூணாறு நிலையக் கட்டடம் தேயிலை நிறுவன அலுவலகமாயிற்று. நல்லதண்ணி எஸ்டேட்டிலுள்ள தேயிலை அருங்காட்சியகத்தில் எஞ்சின் சக்கரம் ஒன்று காட்சிக்கு உள்ளது.

ஒப்பீடு: இதே ஈவிங் முறையில் அமைந்த பாட்டியாலா ஒற்றைத் தண்டவாள ரயில் 1927-இல் நின்றது. அதன் எஞ்சின் ஒன்று அமிர்தசரஸ் பணிமனையில் செப்பனிடப்பட்டு, டெல்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் இன்றும் ஓடும் நிலையில் இருக்கிறது. குண்டளையின் முதல் வண்டிகள் எப்படி நிமிர்ந்து ஓடின என்பதை நேரில் விளங்கிக்கொள்ள அதுவே வழி. வரைபடமும் புகைப்படமும் மட்டும் அந்த அறிவைத் தந்துவிடா. இயந்திரங்களையே காப்பது இதனால்தான் இன்றியமையாதது.