பிணவழியும் பேய்க்கதையும்

மக்கள் நடந்த வழிகள் யாவும் வாணிகத்திற்காகவோ போருக்காகவோ தோன்றியவை அல்ல. இறந்தாரைச் சுமந்து செல்வதற்கென்றே உண்டான வழிகளும் உலகில் உள. இங்கிலாந்தின் வடபுறத்து மலைநாட்டிலும் தென்மேற்கிலுள்ள கரம்பை நிலங்களிலும் அத்தகைய வழிகள் இன்றும் காணப்படுகின்றன. பிணவழி, சவப்பெட்டிப் பாதை, கோவில் வழி எனப் பொருள்படும் பல பெயர்களால் அந்நாட்டார் அவற்றை அழைப்பர். பழைய ஆங்கிலத்தில் 'லிச்' என்னுஞ் சொல் உடலைக் குறித்தது. ஆகவே 'லிச் வழி' என்பது பிணஞ் செல்லும் வழி. சேமக்காலையின் முகப்பிற் கூரையிட்டு அமைக்கப்படும் 'லிச் வாயில்' என்பதும் அச்சொல்லின் அடியாகப் பிறந்ததே. பிரேதத்தைக் குருவானவர் எதிர்கொண்டு ஏற்கும் இடம் அது.

இவ்வழிகளைப் பற்றிய நம்பிக்கைகள் பல. நள்ளிரவில் ஆவிகள் அங்கே உலாவும் என்றனர். சாவு நேரவிருக்கும் வீட்டிற்கும் இடுகாட்டிற்கும் இடையே சிறு சுடரொன்று மிதந்து செல்லும் என்றனர். அச்சுடரை வேல்ஸ் நாட்டார் 'பிண மெழுகுதிரி' என்பர். புனித மாற்கு திருநாளுக்கு முந்திய இரவில், அஃதாவது ஏப்ரில் 24ஆந் திகதி இரவில், கோவில் முகப்பில் விழித்திருப்போர், அவ்வாண்டில் இறக்கவிருப்போரின் உருவங்கள் வரிசையாக வந்து கோவிலுட் புகுதலைக் காண்பர் என்பதும் ஒரு நம்பிக்கை. சேக்ஸ்பியரும் 1595ஆம் ஆண்டையொட்டி எழுதிய 'நடுவேனில் இரவுக் கனவு' என்னும் நாடகத்தின் முடிவில், கோவில் வழிகளிலே ஆவிகள் திரிதலைப் பக் என்னுங் குறும்பன் வாயிலாகக் கூறுகின்றார்.

இவற்றையெல்லாம் மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுதல் எளிது. ஆயின், ஆவிகள் வேறு வழிகள் இருக்க இவ்வழிகளையே பற்றிக்கொண்டமைக்குக் காரணம் யாது? இதற்கு விடை காண்பதற்கு அந்நாட்டுக் கோவிற் பங்குகளின் வரலாற்றை நோக்குதல் வேண்டும்.

இறந்தாரை அடக்கஞ் செய்யும் உரிமை பண்டு தாய்க்கோவில்களுக்கே உரியதாயிருந்தது. அவ்வுரிமை வருவாயோடு பிணைந்தது. 1016ஆம் ஆண்டு தொடக்கம் 1035 வரை ஆண்ட கனூட் அரசனின் சட்டங்கள், ஆன்மாவுக்குரிய இறையைக் குழி திறந்திருக்கும் போதே செலுத்துதல் சிறந்தது என்று விதித்தன. பிற்காலத்தில், இறந்தவனுடைய மாடுகளுள் மிகச் சிறந்ததை நிலப்பிரபு எடுத்துக்கொள்ள, அதற்கு அடுத்ததைக் கோவில் பெறும் வழக்கம் பல இடங்களில் நிலவியது. 1529ஆம் ஆண்டிலேதான், எட்டாம் ஹென்றி மன்னன் காலத்தில், இத்தகைய இறைகளுக்குச் சட்டத்தால் வரம்பு கட்டப்பட்டது.

இதற்கிடையிற் குடிசனம் பெருகிற்று. தொலைவிலுள்ள பள்ளத்தாக்குகளில் ஊர்கள் எழுந்தன. அங்கே வாழ்ந்தோர் வழிபாட்டிற்கெனத் துணைக்கோவில்களைக் கட்டிக்கொண்டனர். அங்கே செபஞ் சொல்லலாம். பூசை காணலாம். ஆனால், அவற்றுட் பலவற்றிற்குப் பிணத்தைப் புதைக்கும் உரிமை வழங்கப்படவில்லை. உயிரோடு இருந்தபோது அருகிலுள்ள கோவிலுக்குச் சென்றவன், இறந்த பின்னர் மலை கடந்து தாய்க்கோவிலுக்குச் செல்ல வேண்டியவனானான். பிணவழிகள் தோன்றியது இவ்வாறே.

டெவன் மாகாணத்து டாட்மூர் இதற்கு நல்ல சான்று. சதுப்பும் பாறையும் நிறைந்த அவ்வுயர் நிலத்தின் பெரும்பகுதி லிட்போட் என்னும் ஒரே பங்கைச் சேர்ந்திருந்தது. கீழ்ப்புறத்துக் குடியானவர்கள் லிச் வழியாகவே தம் பிணங்களைச் சுமந்து சென்றனர். 1260ஆம் ஆண்டில் எக்ஸெற்றர் மேற்றிராணியார் வால்டர் புரொன்ஸ்கம், பாபெனி, பிஸ்வெல் என்னும் இரு சிற்றூர்களின் மக்கள் லிட்போட்டுக்குப் பதிலாக அண்மையிலுள்ள வைட்கம் கோவிலை நாடலாம் என்று இசைவளித்தார். நல்ல காலநிலையில் 8 மைலாக இருந்த வழி, புயலும் வெள்ளமும் நேரும்போது சுற்றிச் செல்வதால் 15 மைலாயிற்று என்பதே காட்டப்பட்ட காரணம். அந்த லிச் வழியிலேதான், வெண்ணிற ஆடையணிந்த துறவிகளும் ஓசையின்றி நகரும் பிரேத ஊர்வலமும் தோன்றுவதாகப் பிற்காலத்தார் கதை சொல்லினர்.

யோர்க்சயரிலுள்ள சுவேல்டேல் பள்ளத்தாக்கின் மேற்கோடியிலிருந்து கிரின்டன் கோவிலுக்குச் சென்ற வழியும் பெயர்பெற்றது. மரப்பெட்டி சுமை மிகுந்ததாதலால், மெல்லிய கொம்புகளால் முடைந்த பெட்டியிற் பிணத்தை வைத்து ஆற்றோரமாகச் சுமந்தனர் என்பர். அப்பயணம் ஒரே நாளில் முடிவதில்லை. 1580ஆம் ஆண்டில் மியூக்கர் என்னும் ஊரிற் கோவிலும் சேமக்காலையும் அமைந்த பின்னரே மேற்பள்ளத்தாக்கு மக்கள் இத்துன்பத்தினின்றும் நீங்கினர். சுமப்போர் பெட்டியை இறக்கி இளைப்பாறுதற்கு வழியிற் கற்கள் உண்டு. நம் நாட்டு வழியோரச் சுமைதாங்கியை அறிந்தோர்க்கு அக்கற்களின் பயனை விளக்க வேண்டியதில்லை. அத்தகைய கல்லொன்று ஐவ்லெற் பாலத்தின் அருகிற் கிடக்கின்றது. தலையில்லாத நாயொன்று அப்பாலத்தில் ஓடும் என்றும், அதனைக் காண்பது தீ நிமித்தம் என்றும் ஊரார் கூறுவர். பிணத்தோடு வந்தவர்கள் சோர்ந்து நின்ற இடத்தையே அவ்வச்சமுந் தன் இடமாகக் கொண்டது.

கம்பர்லாந்து மலைகளில் வாஸ்டேலிலிருந்து எஸ்க்டேலுக்குச் செல்லும் பேண்மூர் வழியைப் பற்றிய கதை உள்ளத்தை உருக்குவது. இளைஞனொருவனின் சவப்பெட்டியைக் குதிரையின் முதுகிற் கட்டிச் சென்றபோது, மூடுபனியில் அக்குதிரை மிரண்டோடி மறைந்தது. மகனை அடக்கஞ் செய்யவும் மாட்டாத தாய் துயரால் இறந்தாள். அவளைச் சுமந்து சென்ற குதிரையும் பனிப்புயலில் ஓடிற்று. தேடிப் போனோர் மகனின் குதிரையைக் கண்டனர், தாயின் குதிரையைக் கண்டிலர். முதுகிற் பெட்டியோடு அக்குதிரை இன்றும் மூடுபனியில் ஓடுகின்றது என்பது கதை. இது நடந்ததென்று நாட்ட ஏடில்லை. எனினும், பனியிலும் புயலிலும் பிணத்தோடு மலையேறிய ஒரு சமூகத்தின் நெஞ்சிலிருந்த அச்சம் எதுவென்பதை இக்கதை ஐயமின்றி உணர்த்துகின்றது. பெற்றவரைப் புதைக்கும் கடனைச் செய்ய முடியாது போய்விடுமோ என்பதே அவ்வச்சம்.

வழியிற் கைக்கொண்ட முறைகளும் இவ்வச்சத்தையே காட்டும். பிணத்தின் கால்கள் வீட்டிற்கு எதிர்ப்புறம் நோக்குமாறு சுமந்து செல்வர். ஆவி வீடு திரும்பாதிருத்தற்காக அவ்வாறு செய்தனர். ஓடும் நீரை ஆவி கடக்கமாட்டாது என்பதும் பரவலான நம்பிக்கை. பிணஞ் சென்ற நிலம் என்றென்றும் பொதுவழியாகிவிடும் என்ற எண்ணமும் குடியானவரிடையே வேரூன்றியிருந்தது. சட்டம் அதனை ஏற்கவில்லை. ஆயினும், நிலமுடையோர் பிரேத ஊர்வலம் புதுவழியிற் செல்வதைத் தடுத்தனர், ஊராரும் பழைய வழியை விடாது பற்றினர். மிதந்து செல்லும் சுடர்களுக்குச் சதுப்பு நிலத்திற் பிறக்கும் வாயுவைக் காரணமாகக் காட்டுவோர் உளர். நம் கிராமத்தார் சொல்லும் கொள்ளிவாய்ப் பேய்க்கும் அக்காரணமே கூறப்படுகின்றது.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். அல்பிரட் வாட்கின்ஸ் என்பார் 1925இல் வெளியிட்ட 'பழைய நேர்வழி' என்னும் நூலில், பழஞ் சின்னங்கள் நேர்கோடுகளில் அமைந்துள்ளன என்றும், அவை பண்டை மக்கள் போக்குவரவு செய்த வழிகள் என்றும் கூறினார். 1960க்குப் பின்னர் வந்த சிலர் அக்கோடுகளை மறைசக்தி ஓடும் கோடுகளாகக் கொண்டு, ஆவிகள் உலாவும் வழிகளையும் அவற்றோடு சேர்த்துப் பேசினர். ஆனால் பிணவழிகள் பெரும்பாலும் நேரானவை அல்ல. அவை மலைச்சரிவுக்கும் ஆற்றுத்துறைக்கும் ஏற்ப வளைந்து செல்வன. அவற்றை வகுத்தவை சுமப்போரின் தோளும் காலுமே.

மாடேல் என்னும் பள்ளத்தாக்கின் வரலாறு இப்பொருளுக்கு ஒரு முடிவுரை போன்றது. அவ்வூரார் தம் பிணங்களைக் குதிரை முதுகிலேற்றிச் செங்குத்தான மலையைக் கடந்து சாப் என்னும் ஊருக்குக் கொண்டு சென்றனர். இறுதியாக அவ்வாறு சென்ற பிணம் 1736ஆம் ஆண்டினது. பின்னர் இறந்தோர் தம் ஊர்க் கோவிலின் நிழலிலேயே உறங்கினர். இரு நூற்றாண்டுகள் கழிந்தன. மான்செஸ்டர் நகருக்குக் குடிநீர் வழங்கும் பொருட்டு ஹோஸ்வாட்டர் ஏரியை அணையிட்டு உயர்த்தியபோது, 1935ஆம் ஆண்டையடுத்து மாடேல் நீரில் மூழ்கிற்று. கோவிலை இடிக்குமுன் அங்கே புதைக்கப்பட்டிருந்த 97 பேரின் எச்சங்களைத் தோண்டியெடுத்தனர். அவற்றை எங்கே கொண்டு சென்றனர்? சாப் என்னும் அதே ஊருக்கே. பாட்டன்மார் அரும்பாடுபட்டுப் பெற்ற உரிமையைப் பேரப்பிள்ளைகளின் காலத்து நகரொன்றின் தாகம் பறித்துக்கொண்டது.

1984ஆம் ஆண்டைப் போன்ற கடும் வரட்சியிலே நீர் வற்ற, மாடேலின் மதிற்சுவர்களும் பாலமும் வெளித்தோன்றுவதுண்டு. அப்போது திரளாக வந்து பார்ப்போர், எதிரே மலைமேல் ஏறிச்செல்லும் பழைய பிணவழியையுங் காணலாம். தாய்க்கோவில்களின் ஏடுகள் பெற்ற இறைகளைக் குறித்து வைத்தன. சுமந்தவர்கள் பட்ட துன்பத்தைக் குறிக்க ஏடு இருக்கவில்லை. எழுத்தறியாத அம்மக்கள் அதனைத் தலையில்லா நாயாகவும் மூடுபனியில் ஓடும் குதிரையாகவும் தம் மக்களுக்குச் சொல்லி வைத்தனர். வரலாறு கற்போர் ஏட்டோடு அக்கதைகளையும் சேர்த்துப் படித்தல் கடன்.