வரிசையில் 43-ஆவது ஆள்

1978 செப்டம்பரில் அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் ‘பேட்டில்ஸ்டார் கலாக்டிகா’ என்ற விண்வெளித் தொடர் ஆரம்பமானது. தயாரிப்பாளர் க்ளென் லார்சன் மார்மன் திருச்சபையைச் சேர்ந்தவர். பன்னிருவர் சபை, ‘கோபோல்’ என்ற ஆதிக் கிரகம் என்று தன் மதத்தின் சாயல்களைக் கதைக்குள் தாராளமாகத் தூவியிருந்தார். இயந்திரங்கள் மனித குலத்தைக் கொன்று குவிக்க, தப்பியவர்கள் பூமியைத் தேடிக் கப்பல்களில் அலைந்தார்கள். வழிநடத்தியவர்கள் பெரும்பாலும் ஆண்கள். செலவு கையைக் கடித்தது. ஒரே சீசனோடு தொடரை ஏறக்கட்டினார்கள். ரசிகர்கள் மட்டும் அதை மறக்கவில்லை.

2001-இல் இயக்குநர் பிரையன் சிங்கர் அதைத் தூசி தட்டி எடுத்தார். வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தபோது நியூயார்க் இரட்டைக் கோபுரங்கள் தகர்ந்தன. படப்பிடிப்பு தள்ளிப்போனது. சிங்கர் ‘எக்ஸ்-மென்’ இரண்டாம் பாகத்துக்குப் போய்விட, திட்டம் படுத்துவிட்டது. அது படுக்காமல் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

அடுத்து பொறுப்பு ரொனால்ட் மூரிடம் வந்தது. ‘ஸ்டார் டிரெக்’ தொடர்களில் பல ஆண்டுகள் எழுதியவர். பழைய முதல் அத்தியாயத்தை மறுபடி போட்டுப் பார்த்தவருக்கு, செப்டம்பர் 11-க்குப் பிறகு அந்தப் பேரழிவு வேறு கதையாகத் தெரிந்தது. சுருட்டும் சூதாட்டமுமாகத் திரிந்த விமானி ஸ்டார்பக், திரையில் பார்த்துப் பார்த்துச் சலித்த வார்ப்பு. அவனைப் பெண்ணாக்கினார் மூர். பழைய ரசிகர்கள் கொதித்தார்கள். பழைய ஸ்டார்பக்காக நடித்த டிர்க் பெனடிக்ட் காட்டமாகக் கட்டுரையே எழுதினார். ஆனால் மூரின் துணிச்சலான கற்பனை இன்னொருத்தியிடம்தான் முழுதாக வெளிப்பட்டது.

அவள் ஒரு முன்னாள் பள்ளி ஆசிரியை; கல்வி அமைச்சர். மார்பகப் புற்றுநோய் என்று மருத்துவர் சொன்ன அதே நாளில் உலகம் அழிந்தது. அதிபர் பதவிக்கான வரிசையில் 43-ஆவது இடம் அவளுக்கு. முன்னால் இருந்த 42 பேரும் உயிரோடு இல்லை. 1963-இல் கென்னடி கொல்லப்பட்டதும் லிண்டன் ஜான்சன் விமானத்துக்குள் பதவியேற்ற புகைப்படம் உலகப் பிரசித்தம். அதே சாயலில், நெருக்கியடித்து நின்ற கூட்டத்துக்கு நடுவே கை உயர்த்தி நின்றாள் லாரா ராஸ்லின். அவளாக நடித்த மேரி மெக்டொனலின் முகத்தில் கம்பீரம் துளியும் இல்லை, கலக்கம்தான் இருந்தது. உறுதிமொழி செய்துவைத்தவர் ஒரு பெண் பூசாரி. அங்கே நுழைந்த பக்தி பிறகு வெளியேறவே இல்லை.

இயந்திரப் பெண் ஒருத்தி கடவுளைப் பற்றிப் பேசும் சின்ன வசனம் ஒன்றை முதல் வரைவில் போகிற போக்கில் எழுதியிருந்தார் மூர். ஒளிபரப்புத் தரப்பில் ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டு, இன்னும் ஆழமாகப் போகலாமே என்றார். இப்படித்தான் மனிதர்கள் பல தெய்வங்களை வணங்க, இயந்திரங்கள் ஒரே கடவுளைத் தொழுதன. தொடக்க இசையில் காயத்ரி மந்திரமும் ஒலித்தது.

2003 டிசம்பரில் மூரின் ஆக்கம் குறுந்தொடராக வெளியாகி, பிறகு முழுத் தொடராக வளர்ந்தது. நோய்க்கு மூலிகைச் சாறு குடித்துவந்த ராஸ்லின், பத்திரிகையாளர் சந்திப்பில் மேடைப் பலகைமேல் பாம்புகள் நெளிவதைக் கண்டாள். வேறு யார் கண்ணுக்கும் அவை தெரியவில்லை. பூசாரியோ, அவள் பிதியாவின் ஏட்டைப் படித்துவிட்டு விளையாடுகிறாள் என்று நினைத்தார். நோயுற்ற தலைவர் ஒருவர் மக்களைப் புது நிலத்துக்கு அழைத்துச் செல்வார், அங்கே வாழ அவருக்குக் கொடுத்துவைக்காது என்பது அந்த ஏட்டின் வாக்கு. பிதியா யார் என்பதே ராஸ்லினுக்குத் தெரியாது!

மருந்தின் மயக்கமா, தெய்வ வாக்கா? தொடர் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லவில்லை; அதன் மேதைமை அங்கேதான் இருக்கிறது. ராஸ்லின் நம்பினாள்; நம்பிக்கையை அரசியல் ஆயுதமாகவும் எடுத்தாள். தளபதி அடாமாவுக்குத் தெரியாமல் ஸ்டார்பக்கைப் பூமிக்கு வழி காட்டும் என்று நம்பிய புனித அம்பு ஒன்றைத் தேட அனுப்பினாள். அடாமா அவளைச் சிறையில் தள்ளினார். தப்பி வந்தவள் பின்னால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கப்பல்கள் திரண்டன. அதே ராஸ்லின் கருக்கலைப்பைத் தடை செய்தாள், தேர்தலில் கள்ள ஓட்டுக்கும் துணை நின்றாள். பெண் தலைவர் என்பதற்காக அவளைத் தெய்வமாக்கிவிடாத நேர்மை எழுதியவர்களிடம் இருந்தது.

2009 மார்ச் 17 அன்று நியூயார்க்கில் ஐ.நா. அவையில் ஒரு கலந்துரையாடல் நடந்தது. மனித உரிமை, பயங்கரவாதம், மதங்களுக்கிடையே நல்லிணக்கம் ஆகியவை பேசுபொருள். மேடையில் ஐ.நா. அதிகாரிகளோடு மூரும் மேரி மெக்டொனலும் அமர்ந்திருந்தார்கள். நாடுகளின் பெயர்ப் பலகைகள் இருக்க வேண்டிய இடத்தில், ‘பேட்டில்ஸ்டார் கலாக்டிகா’ தொடரில் மனிதர்கள் வாழ்ந்த பன்னிரண்டு காலனிகளின் பெயர்கள் இருந்தன.