முப்பட்டகக் கோணத் துல்லியம் அளத்தல்

முப்பட்டகத்தின் முகங்களுக்கு இடையே உள்ள கோணம், வரைபடத்தில் குறித்த மதிப்பிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதைக் காண்பதே கோணத் துல்லிய அளவீடு. இதற்கான அலகு வில்விநாடி. ஒரு பாகைக்கு 3,600 வில்விநாடிகள். ஒரு வில்விநாடிச் சாய்வு ஒரு மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 4.85 மைக்ரோமீட்டர் மட்டுமே விலகும். ஆனால் பைனாகுலரின் கூரை முப்பட்டகத்தில் 90° கோணம் சில வில்விநாடிகள் பிசகினாலும் பிம்பம் இரட்டிக்கும், கூர்மை கெடும்.

மேல்நிலைப் பள்ளி ஆய்வகத்தின் நிறமாலைமானியில் மீச்சிற்றளவு பொதுவாக 1 வில்நிமிடம், அதாவது 60 வில்விநாடிகள். துல்லிய வேலைக்கு அது போதாது. எனவே கோணம் அளக்கும் கருவியான கோனியோமீட்டரின் சுழல்மேசையில் முப்பட்டகம் வைக்கப்பட்டு, எதிரே ஆட்டோகாலிமேட்டர் நிறுத்தப்படுகிறது. அக்கருவி அனுப்பும் குறுக்குக்கம்பியின் பிம்பம் முதல் முகத்தில் பட்டுத் திரும்பி மையத்தில் பொருந்தியதும் வட்ட அளவு குறிக்கப்படும். அடுத்த முகத்திலிருந்தும் அவ்வாறே பொருந்தும்வரை மேசை சுழற்றப்படும். சுழன்ற கோணத்தை 180°இலிருந்து கழித்தால் முப்பட்டகக் கோணம் கிடைக்கும். மூன்று முகங்களையும் சுற்றி வந்தால் சுழற்சிகளின் கூட்டுத்தொகை 360° ஆக வேண்டும். ஆகாவிட்டால் வட்டத்திலோ வாசிப்பிலோ பிழை உண்டு. செலவில்லாத இந்தச் சரிபார்ப்பை ஒருபோதும் தவிர்க்கக் கூடாது.

செங்கோண முப்பட்டகத்துக்கு இதைவிட நேர்த்தியான வழி உண்டு. அதற்கு அளவு வட்டமே தேவையில்லை. ஒளியைச் செங்கோணத்துக்கு எதிரேயுள்ள கர்ண முகத்தின் வழியே செலுத்தினால் மற்ற இரு முகங்களிலும் முழு அக எதிரொளிப்பு அடைந்து, வந்த திசையிலேயே திரும்பும். செங்கோணத்தில் ε பிழை இருந்தால் முப்பட்டகத்தின் இரு பாதிகளிலிருந்து திரும்பும் கதிர்களும் எதிரெதிராக விலகும். அவற்றுக்கு இடையிலான கோணம் 4nε. இதில் n என்பது ஒளிவிலகல் எண். 1.517 எண்ணுள்ள பிகே7 கண்ணாடியில் ஒரு வில்விநாடிப் பிழை ஏறத்தாழ ஆறு மடங்காகத் தெரியும். கண்ணாடியே தன் பிழையைப் பெருக்கிக் காட்டுகிறது. பெரும்பாலான ஆட்டோகாலிமேட்டர்களின் அளவுகோல் எதிரொளிக்கும் ஆடியின் சாய்வை, அதாவது கதிர் விலகலில் பாதியைக் குறிப்பதால், அங்கே வாசிப்பு 2nε ஆகும். இதைக் கவனிக்காவிட்டால் முடிவு இரு மடங்கு தவறும். கோணம் 90°ஐவிடக் கூடுதலா குறைவா என்பதைப் பிம்பப் பிரிவு மட்டும் சொல்லாது. குவியத்தைச் சற்று மாற்றும்போது பிம்பங்கள் நெருங்குகின்றனவா விலகுகின்றனவா என்று பார்த்தே அறிய வேண்டும்.

கர்ண முகத்தின் வெளிப்பரப்பில் எதிரொளிக்கும் மங்கலான பிம்பமும் அதே புலத்தில் தெரியும். உள்ளிருந்து திரும்பிய பிம்பங்கள் அதற்கு மேலோ கீழோ நின்றால் செங்கோண விளிம்பு கர்ண முகத்துக்கு இணையாக இல்லை என்று பொருள். இதுவே பிரமிடுப் பிழை.

இன்னும் நுண்ணிய பிழைக்கு ஃபிசோ குறுக்கீட்டுமானி பயன்படுகிறது. கோணம் சரியானால் குறுக்கீட்டுப் பட்டைகள் நேராக ஓடும். பிசகினால் விளிம்புக் கோட்டில் முறிந்து வளையும். 632.8 நானோமீட்டர் லேசர் ஒளியில், 25 மி.மீ. அகல பிகே7 முப்பட்டகத்தின் ஒரு வில்விநாடிப் பிழை ஒவ்வொரு பாதியிலும் சுமார் 0.3 பட்டையகல விலகலாகத் தெரியும். கையின் வெப்பமே இந்த அளவுக்குக் கண்ணாடியைச் சீர்குலைக்கக் கூடுமென்பதால், தொட்ட முப்பட்டகம் அறை வெப்பநிலைக்கு வந்த பிறகே அளக்கப்படுகிறது.