விண்டோஸ் பழம்பதிப்புகளில் தமிழ்

விண்டோஸ் 95, 98 ஆகிய பதிப்புகளில் தமிழை எழுத்தாகவன்றி, எழுத்துரு தந்த வடிவமாகவே கண்டோம். எழுத்துரு மாறினால் உரை குலைந்தது. ‘கொ’ என்பது பெரும்பாலும் கொம்பு, ககரம், கால் என எழுதும் வரிசையிலேயே பதிவாயிற்று.

விண்டோஸ் 2000, லதா எழுத்துருவோடு யுனிகோடு தமிழை ஏற்றபின், ககரம் முன்னும் ஒகரக்குறி பின்னுமாகப் பதிவாயிற்று. உயிர்மெய்யில் மெய்யின் பின்னரே உயிர் ஒலிக்கும் என்று தொல்காப்பியம் வகுத்த முறையும் இதுவே.

எனினும் பழம்பதிப்புகள் ஒதுக்கத்தக்கன அல்ல. தொண்ணூறுகளில் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நாம் தட்டெழுதிய மலர்களும் ஆய்வேடுகளும் அவ்வெழுத்துருக்களையே நம்பியுள்ளன. அவற்றை யுனிகோடுக்கு மாற்றுதல் வேண்டும்; மாற்றியதை மூலத்தோடு ஒப்புநோக்க, பழைய பதிப்பு இயங்கும் கணினி ஒன்றையேனும் காத்தல் வேண்டும். ஏடுபெயர்த்தெழுதிய மரபினராகிய நமக்கு இப்பணி புதிதன்று.