‘ஆட்டோ’ன்னா யாரோட முடிவு? கம்ப்யூட்டர் சூடான கதை

“அண்ணா, சொந்தமா அசெம்பிள் பண்ணின பிசி கொதிக்குது, பயாஸ்ல எதை மாத்தணும்?” இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. பதில் கடைசியில் இருக்கிறது. ஆனா அதுக்கு முன்னாடி கொஞ்சம் வரலாறு பார்த்துடலாம். பயாஸ் திரையில் பல இடத்தில் ‘ஆட்டோ’ என்று போட்டிருக்கும். அந்த முடிவை எடுப்பது யார்? இன்றைய கதையே அதுதான்.

1998-ல் ஆரம்பிக்கிறேன். அப்போதெல்லாம் பிராசசரின் வேகத்தை அமைக்க மதர்போர்டில் நீட்டிக்கொண்டிருக்கும் பின்களில் ஜம்பர் என்ற குட்டி பிளாஸ்டிக் மூடியை மாற்றி மாற்றிச் செருக வேண்டும். அந்த வருஷம் ஆகஸ்டில் இன்டெல் செலரான் 300ஏ என்ற மலிவு விலை பிராசசரை விட்டது. கணக்கு சிம்பிள். போர்டு தரும் பஸ் வேகம் 66 மெகாஹெர்ட்ஸ், அதை 4.5-ஆல் பெருக்கினால் 300. பெருக்கும் எண்ணை இன்டெல் பூட்டி வைத்துவிட்டது. பஸ் வேகத்தைப் பூட்டவில்லை. அதை 100 ஆக்கினால்? 450 மெகாஹெர்ட்ஸ். அன்றைக்கு விலை அதிகமான பென்டியம் 2 ஓடிய வேகம்!

அபிட் கம்பெனியின் பிஎச்6 போர்டில் இதற்கு ஜம்பர்கூட தேவையில்லை. பயாஸுக்குள் போய் கீபோர்டிலேயே மாற்றிவிடலாம். வோல்டேஜையும் ஏற்றலாம். காசு கம்மியா இருந்த காலேஜ் பசங்களுக்கு இது லாட்டரி மாதிரி.

ஆனா சூட்டுக்கும் ஒரு கணக்கு இருக்கு. வேகம் ஒன்றரை மடங்கானால் வெப்பமும் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. வோல்டேஜ் இன்னும் மோசம். அது வர்க்கத்தில் ஏறும், 10 சதவீதம் கூட்டினால் வெப்பம் 21 சதவீதம் கூடும். இந்தக் கணக்கு தெரிந்துதான் ஓவர்கிளாக் செய்தவர்கள் பெரிய ஹீட்சிங்க் தேடிப் போனார்கள். அந்தக் கட்டத்தில் ரிஸ்க் எடுத்தது பயனர். எரிந்தாலும் அவர் பொறுப்பு. இதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை.

அடுத்து 2001. டாம்ஸ் ஹார்ட்வேர் தளம் ஒரு வீடியோ வெளியிட்டது. ஓடிக்கொண்டிருக்கும் பிராசசர் மேலிருந்து ஹீட்சிங்கைப் பிடுங்கிவிடுவார்கள். பென்டியம் 4 தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டு குவேக் 3 கேமைத் தொடர்ந்து ஓட்டியது. பென்டியம் 3 உறைந்து நின்றது, ஆனால் பிழைத்துக்கொண்டது. ஏஎம்டியின் ஆத்லான்கள் புகைவிட்டுச் செத்துப்போயின.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. எரிந்ததில் ஒன்று புதிய பாலோமினோ வகை. அதற்குள் சூட்டை அளக்கும் டயோடு இருந்தது. அதைப் படித்து உடனே கரண்டை நிறுத்த வேண்டியது மதர்போர்டின் வேலை. போர்டு அதைச் செய்யவில்லை. சிப் செய்தவரும் போர்டு செய்தவரும் வேறு வேறு ஆள். நடுவில் இருந்த இடைவெளியில் பிராசசர் கருகியது.

பென்டியம் 4-ஐ ரொம்பப் புகழ வேண்டாம். 2004-ல் வந்த அதன் பிரெஸ்காட் வகை 100 வாட்டைத் தாண்டியது. வேகத்தை ஏற்றிக்கொண்டே போகலாம் என்ற கனவு சூட்டில் கரைந்தது. அடுத்து வரவிருந்த தேஜஸ் திட்டத்தை அதே வருஷம் மே மாதம் இன்டெல் கைவிட்டது. 2006-ல் கோர் 2 டுவோ வந்தபோது சாதாரண மாடல்களின் கணக்கு 65 வாட். வேகப் போட்டியை நிறுத்தியது வெப்பம்தான்.

இப்போ நம்ம காலத்துக்கு வருவோம். 2023-ல் சில ரைசன் 7000 எக்ஸ்3டி பிராசசர்கள் சாக்கெட்டிலேயே கருகின. ரேம் வேகத்துக்கான புரொஃபைலை ஆன் செய்தால், சில போர்டுகள் எஸ்ஓசி வோல்டேஜைத் தாமாகவே அளவுக்கு மீறி ஏற்றின. பிறகு ஏஎம்டி அதை 1.3 வோல்ட்டுக்கு மேல் போகாமல் கட்டுப்படுத்தியது.

2024-ல் இன்டெல்லின் முறை. 13, 14-ஆம் தலைமுறை பிராசசர்களில் கேம்கள் நடுவில் நின்றன. “வீடியோ மெமரி போதவில்லை” என்று எர்ரர் வரும். பார்க்கிறவன் யாரைச் சந்தேகப்படுவான்? கிராபிக்ஸ் கார்டைத்தான். கோர் ஐ9 13900கே-வுக்கு இன்டெல் சொன்ன உச்ச வரம்பு 253 வாட். பல போர்டுகளில் அந்த இடத்தில் 4,096 வாட் இருந்தது. அதாவது வரம்பே கிடையாது. முதலில் பார்வை போர்டுகள் மேல் திரும்பியது. பிறகு இன்டெல்லின் சொந்த மைக்ரோகோடே தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டது தெரியவந்தது. அப்டேட் வந்தது, வாரண்டியை 2 வருஷம் நீட்டித்தார்கள். ஆனால் ஏற்கெனவே பழுதான சிப்பை எந்த அப்டேட்டும் சரி செய்யாது.

கவனிச்சீங்களா? 1998-ல் ரிஸ்க்கை நாம் தேர்ந்தெடுத்தோம். 2024-ல் அது டீஃபால்ட்டாகவே வந்தது. ரிவ்யூ சார்ட்டில் பக்கத்து போர்டைவிட 2 சதவீதம் மேலே தெரிய வேண்டும் என்ற போட்டிக்கு, கரண்ட் பில்லும் சூடும் நம்ம தலையில்.

சரி, கேள்விக்கு வருகிறேன். முதலில் பயாஸைத் தொடாதீங்க. கூலரைக் கழற்றிப் பாருங்க. அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் ஷீட்டை உரித்தீர்களா, தெர்மல் பேஸ்ட் எல்லா இடமும் பரவியிருக்கிறதா, ஃபேன் வயர் சரியான இடத்தில் இருக்கிறதா? அடுத்து பயாஸை லேட்டஸ்ட் பதிப்புக்கு அப்டேட் செய்து டீஃபால்ட்டை லோடு பண்ணுங்க. அப்புறம் பவர் லிமிட் பக்கம் போய், அங்கே இருக்கும் எண்ணை சிப் கம்பெனி சொன்ன எண்ணோடு ஒப்பிடுங்க. கூட இருந்தால் குறைங்க. பெரும்பாலும் கேமில் வித்தியாசமே தெரியாது, சூடு நல்லாவே இறங்கும்.

இன்னொன்று, எண்ணைப் பார்த்து மட்டும் பயப்படாதீங்க. ரைசன் 7000 வகை கனமான வேலையில் 95 டிகிரி வரை போகும்படியே வடிவமைக்கப்பட்டது. ரூம் சூட்டையும் கணக்கில் எடுங்க. ஃபேன் வைத்த கூலரால் ரூமைவிடக் குளிர வைக்க முடியாது. சென்னையில் மே மாதம் ரூம் 10 டிகிரி ஏறினால், உள்ளேயும் ஏறத்தாழ அதே அளவு ஏறும்.

‘ஆட்டோ’ என்று இருந்தால் யாரோ நமக்காக முடிவெடுத்துவிட்டார் என்று அர்த்தம். அந்த முடிவு நம் சிப்புக்காகவா, அவர்கள் சார்ட்டுக்காகவா என்பதை ஒருமுறை திறந்து பார்ப்பது நம்ம வேலை. அடுத்த எபிசோடில் சந்திப்போம் மக்களே.