சிறு எஞ்சின் ஆயிலில் பெட்ரோல் கலத்தல்

ஜெனரேட்டர், தண்ணீர் பம்ப், களையெடுக்கும் இயந்திரம் முதலியவற்றின் ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின்களில், பெட்ரோல் எரியாமல் கிராங்க் கேஸுக்குள் இறங்கி ஆயிலை நீர்த்துப்போகச் செய்யும் கோளாறு இது. ஆயிலும் பெட்ரோலும் கலந்தே ஊற்றப்படும் டூ ஸ்ட்ரோக் எஞ்சின்களுக்கு இது பொருந்தாது.

அறிகுறிகள்

ஆயில் ஊற்றாமலே மட்டம் ஏறியிருப்பது முதல் அடையாளம். டிப் ஸ்டிக்கில் ஆயில் தண்ணீராய் வழியும். பெட்ரோல் நெடி அடிக்கும். முற்றினால், மூடியைத் திறந்ததுமே ஆயில் வெளியே கொட்டும். சிலிண்டரே நிறைந்துவிட்டால் ஸ்டார்ட்டர் கயிறு இழுபடாது.

காரணங்கள்

பெரும்பாலும் குறை கார்புரேட்டரில் இருக்கும். மிதவை அறை நிறைந்ததும் மிதவை எழுந்து, நீடிலைத் தள்ளி பெட்ரோல் வரும் வழியை அடைக்க வேண்டும். நீடில் முனை தேய்ந்தாலோ, தூசி சிக்கினாலோ, மிதவை ஓட்டையாகி மூழ்கினாலோ வழி அடைபடாது. ஹோண்டா ஜிஎக்ஸ்160 போல டேங்க் மேலே உள்ள எஞ்சின்களில், நிறுத்திய பிறகும் பெட்ரோல் இறங்கிக்கொண்டே இருக்கும். இன்டேக் வால்வு திறந்து நின்றால் அது சிலிண்டருக்குள் புகுந்து, பிஸ்டன் ரிங்குகளைக் கடந்து ஆயிலைச் சேரும். ஜிஎக்ஸ்160 கொள்ளும் ஆயில் சுமார் 0.6 லிட்டர்தான், சிறிதளவு பெட்ரோலே அதைக் கெடுத்துவிடும்.

டேங்க் தாழ்வாக உள்ள சில எஞ்சின்களில், கிராங்க் கேஸின் அழுத்த மாற்றத்தால் இயங்கும் பெட்ரோல் பம்ப் உண்டு. அதன் டயாப்ரம் கிழிந்தால் பெட்ரோல் நேராக ஆயிலில் கலக்கும். சிக்கிக்கொண்ட சோக், அடைத்த ஏர் ஃபில்டர், பொறி தராத ஸ்பார்க் பிளக் ஆகியவற்றாலும் எரியாத பெட்ரோல் உள்ளே இறங்கலாம்.

கண்டறிதல்

மட்டம் எஞ்சின் நிற்கும்போது ஏறுகிறதா, ஓடும்போது ஏறுகிறதா என்பதே அடிப்படைக் கேள்வி. புது ஆயில் ஊற்றி, மட்டம் பார்த்து, பெட்ரோல் குழாயைத் திறந்தபடி சில மணி நேரம் நிறுத்திவைக்க வேண்டும். மட்டம் ஏறினால் நீடிலையும் மிதவையையும் சோதிக்கலாம். இன்டேக் வால்வு மூடி நின்றிருந்தால் பெட்ரோல் உள்ளே போகாது. எனவே ஏறவில்லை என்பதால் மட்டும் நீடில் நல்லது என்று முடிவுகட்ட முடியாது. கார்புரேட்டரைக் கழற்றி, காலிசெய்து, தலைகீழாகப் பிடித்து, சுத்தமான ரப்பர் குழாயால் பெட்ரோல் நுழையும் வாயில் ஊதினால் காற்று போகக் கூடாது. போனால் நீடில் அடைக்கவில்லை. ஓடும்போது ஏறினால், பம்ப் உள்ள எஞ்சினில், அந்தப் பம்பைக் கிராங்க் கேஸோடு இணைக்கும் குழாயைக் கழற்றிப் பார்க்க வேண்டும். அதில் பெட்ரோல் ஈரம் இருந்தால் டயாப்ரம் கிழிந்திருக்கிறது.

விளைவும் சீரமைப்பும்

நீர்த்த ஆயிலால் கிராங்க் ஷாஃப்ட்டும் கனெக்டிங் ராடும் உரசித் தேயும். கிராங்க் கேஸில் சேரும் பெட்ரோல் ஆவி தீப்பிடிக்கக்கூடியது. ஆகவே, கோளாறு தெரிந்ததும் எஞ்சினை ஓட்டக் கூடாது. காரணத்தைச் சரிசெய்யாமல் ஆயிலை மட்டும் மாற்றினால் புது ஆயிலும் கெடும். பழுதான பாகத்தை மாற்றிய பிறகே, ஓட்டுவதற்கான புது ஆயிலை ஊற்ற வேண்டும். எஞ்சினை நிறுத்தும்போதெல்லாம் பெட்ரோல் குழாயை மூடிவைப்பது நல்ல தடுப்பு.