தட்சணையிலிருந்து மாதச் சம்பளம் வரை: எங்கள் பிள்ளைகள் பாட்டுப் படித்த வரலாறு

திருகோணமலைக்கும் பாட்டுக்கும் உள்ள உறவு மிகப் பழையது. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் கோணேசப் பெருமான்மீது பாடிய பதிகம் மூன்றாம் திருமுறையில் இடம்பெற்றுள்ளது. அதை எம்முட் பலர் பள்ளிப் பிரார்த்தனையிலும் கோயிலிலும் கேட்டே மனனஞ் செய்தோம். அதற்கு எவரும் சம்பளம் கேட்டதில்லை. ஆனால் ஒரு பெண்பிள்ளை சங்கீதத்தை முறையாகப் படிக்க விரும்பினால் இரண்டு கேள்விகள் எழுந்தன. யாரிடம் படிப்பது? அதற்கு எவ்வளவு செலவாகும்? எமது தாய்மார் காலத்திலும் எழுந்த இக்கேள்விகள் இன்றும் அன்புவழிபுரத்து வீடுகளில் எழுகின்றன.

குருகுல முறையில் மாதச் சம்பளம் இல்லை. சீடன் குருவின் வீட்டில் தங்கி, பணிவிடை செய்து, பல ஆண்டுகள் கேட்டுக் கேட்டுப் படித்தான். பணத்துக்குப் பதிலாகத் தன் காலத்தைக் கொடுத்தான். இவ்வழி பெண்பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் திறக்கவில்லை. பரம்பரையாக இசை வளர்த்த குடும்பப் பெண்களைச் சமூகம் இழிவாகப் பேசியதால், ஏனைய குடும்பங்கள் தம் பிள்ளைகள் சபையிற் பாடுவதை விரும்பவில்லை. தம் செல்வத்தைச் செலவிட்டுத் திருவையாற்றில் தியாகராஜருக்குச் சமாதிக் கோயில் எழுப்பிய பெங்களூர் நாகரத்தினம்மாள்கூட, ஆராதனையில் பெண்கள் பாடும் உரிமைக்காகப் போராட வேண்டியிருந்தது. டி. கே. பட்டம்மாள் முறையான குருகுலவாசம் இன்றியே, கச்சேரிகளைக் கேட்டும் குறித்தும் தம் வித்தையை வளர்த்துக்கொண்டார்.

மாற்றம் நிறுவனங்களோடு வந்தது. 1929இல் அண்ணாமலையில் இசைக் கல்லூரி தொடங்கியது. இங்கே 1931இல் வட இலங்கைச் சங்கீத சபை தோன்றியது. தரம் தரமாகப் பரீட்சை வைத்து, இறுதியில் ‘கலாவித்தகர்’ பட்டம் வழங்கும் அதன் முறை, ஆசிரியரைத் தெரிவதற்கு முதன்முறையாக ஓர் அளவுகோலைத் தந்தது. பிள்ளை எங்கே நிற்கிறாள் என்பதைப் பெற்றோரும் அறிய முடிந்தது. ஆனால் வகுப்புச் சம்பளத்தோடு பரீட்சைக் கட்டணம், போக்குவரத்து, சுருதிப்பெட்டி, பக்கவாத்தியக்காரருக்குரிய கொடுப்பனவு என்று செலவுகளும் கூடின. பரீட்சைக்கு வேண்டிய உருப்படிகளை மட்டும் உருப்போடும் பழக்கமும் அதனோடு சேர்ந்தே வந்தது.

அக்காலத்தில் பாட்டு வாத்தியார்கள் பெரும்பாலும் ஆண்கள். அவர்களுக்கு இசைவான சுருதி ஒன்று முதல் இரண்டு கட்டை வரை. பெண்குரலுக்கு ஐந்து, ஐந்தரைக் கட்டையே பொதுவாகப் பொருந்தும். வாத்தியார் தம் சுருதியிலேயே சொல்லிக்கொடுத்தால், பிள்ளை மேலே போகும்போது தொண்டை இறுகும், கீழே இறங்கும்போது குரல் எடுபடாது. “இவளுக்குக் குரல் இல்லை” என்று வீட்டில் முடிவு கட்டப்பட்ட எத்தனையோ பிள்ளைகளுக்கு உண்மையில் இல்லாதிருந்தது குரலன்று, தமக்குரிய சுருதியே.

இதனை மாற்றியவை மூன்று. முதலாவது, 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி. பின்னாளிற் சங்கீதம் பாடசாலைப் பாடமாக வேரூன்றியபோது, சம்பளம் கட்ட இயலாத வீட்டுப் பிள்ளைக்கும் ‘ச-ப-ச’ பிடிக்க ஓரிடம் கிடைத்தது. இரண்டாவது, 1960இல் மருதனார்மடத்தில் எழுந்த இராமநாதன் இசைக் கல்லூரி. மகாராஜபுரம் சந்தானம் போன்ற வித்துவான் அங்கே முதல்வராக இருந்தார். கடல் கடந்து போய்ப் படிக்க வேண்டிய நிலை அதனால் தளர்ந்தது. மூன்றாவது, 1982இல் மட்டக்களப்பு கல்லடியில் தொடங்கிய சுவாமி விபுலாநந்தர் இசை நடனக் கல்லூரி. யாழ்நூல் தந்த பெருமகனின் பெயர் தாங்கிய அந்நிறுவனம் இன்று கிழக்குப் பல்கலைக்கழகத்தோடு இணைந்துள்ளது. இவற்றிலிருந்து வெளிவந்த பெண் ஆசிரியைகள் பாடசாலைகளுக்கு வந்தபோது, பிள்ளைகள் தம் சுருதியிற் பாடிக் காட்டும் குருவைக் கண்டனர். சங்கீதம் பெண்ணுக்கு ஒரு தொழிலாகவும் ஆயிற்று.

பின்னர் யுத்தம் வந்தது. ஆசிரியைகளும் குடும்பங்களும் சிதறின. வீணையையும் சுருதிப்பெட்டியையும் விட்டுவிட்டு ஓடியவர்கள் பலர். லண்டனிலும் ரொறன்ரோவிலும் வார இறுதி வகுப்புகளில் அந்தப் பாட்டு மறுபடி முளைத்தது. இன்று கைபேசி வழியாகவும் வகுப்புகள் நடக்கின்றன. பயணச் செலவு மிச்சந்தான். ஆயினும் ஒலி சற்றுத் தாமதித்தே போய்ச் சேர்வதால் குருவும் சீடப்பிள்ளையும் சேர்ந்து பாட முடிவதில்லை. சேர்ந்து பாடித்தான் கமகம் படியும் என்பது பழைய அனுபவம்.

இவ்வரலாறு பெற்றோருக்குச் சொல்வது எளிது. ஆசிரியரின் பட்டத்தை மட்டும் பாராமல், ஒரு வகுப்பில் அமர்ந்து கேளுங்கள். முதல் நாளே பிள்ளையின் சுருதியைத் தேடுகிறாரா? சரளி, ஜண்டை, அலங்காரத்துக்குப் பொறுமையாக நேரம் கொடுக்கிறாரா? தொண்டை நோகும்போது நிறுத்தச் சொல்கிறாரா? தாமே பாடிக் காட்டுகிறாரா? கூடிய சம்பளம் கூடிய வித்தைக்குச் சான்றாகாது. அதேவேளை நல்ல ஆசிரியையின் உழைப்புக்கு உரிய ஊதியத்தைப் பேரம் பேசிக் குறைப்பதும் முறையாகாது. தனிவகுப்புக்கு வசதியில்லையேல் மூன்று நான்கு பிள்ளைகள் சேர்ந்து படிக்கலாம். தொடக்கநிலைக்கு அதுவே நல்லது, ஒருவர் பிழையை மற்றவர் காது பிடிக்கும்.

தூரதேசங்களில் வாழும் சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். எமது ஊரில் குரல் இருந்தும் சம்பளத்துக்கு வழியில்லாத பிள்ளைகள் இன்றும் இருக்கின்றனர். ஒரு பிள்ளையின் மாதச் சம்பளத்தை ஒரு பழைய மாணவி ஏற்பாராயின், சங்கத்தின் இந்த நூற்றாண்டு, விழாவோடு முடிந்துவிடாது. கோணேசர் சந்நிதியில் அடுத்த தலைமுறை பதிகம் பாடும்போது, அது தன் சொந்தச் சுருதியில் ஒலிக்கட்டும்.